குடும்பம் நடத்தும் அமெரிக்கச் சீன உணவகம்: எதைக் கேட்பது, எதை விடுவது

கேள்வி இது: வேலை மாறி ஓஹையோவில் ஒரு சின்ன ஊருக்கு வந்திருக்கிறோம். கடைத்தெருவில் ஒரு சீனக் குடும்பம் நடத்தும் உணவகம் இருக்கிறது. மெனுவில் நூற்றைம்பது பெயர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். அங்கே போனால் என்ன கேட்டு வாங்குவது? அது அசல் சீனச் சாப்பாடுதானா?

மெனுவைப் பார்த்து மிரள வேண்டாம். நூற்றைம்பது பெயர் என்பது நம் ஊர் ‘99 வகை தோசை’ வண்டியின் கணக்குதான். மாவு ஒன்று, கல் ஒன்று, மேலே தூவுவது மட்டும் மாறும். இங்கே ஒரு பக்கம் கோழி, மாடு, பன்றி, இறால், டோஃபு என்கிற சோயாப் பனீர், வெறும் காய்கறி. இன்னொரு பக்கம் ஏழெட்டு சாஸ். இரண்டையும் பெருக்கினால் முக்கால்வாசி மெனு வந்துவிடும். அதனால் பெயர்களை விட்டுவிட்டு சாஸைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிரவுன் சாஸ் என்றால் சோயா, ஆய்ஸ்டர் சாஸ் (கடல் சிப்பிச் சாற்றில் செய்வது), இறைச்சி வேகவைத்த சாறு, கெட்டியாக்கச் சோளமாவு. உப்பும் மெல்லிய இனிப்பும் இருக்கும், காரம் இருக்காது. மாட்டிறைச்சியும் ப்ராக்கலியும் சேர்ந்து வரும் புகழ்பெற்ற ஐட்டம் இதில்தான் வருகிறது. ஒயிட் சாஸில் சோயா கிடையாது. கோழிச் சாற்றில் பூண்டு, உப்பு, சோளமாவு, அவ்வளவுதான். மெனுவில் ‘மூ கூ கை பான்’ என்று இருந்தால் அது இந்த வகை. வயிறு சரியில்லாத நாளுக்கு நல்லது. கார்லிக் சாஸ் பூண்டும் வினிகரும் சர்க்கரையும் மிளகாயும் கலந்தது. நம் நாக்குக்கு மிக நெருக்கம் இதுதான் என்பது என் கட்சி.

ஜெனரல் சோ கோழி, ஆரஞ்சுக் கோழி, எள்ளுக் கோழி மூன்றும் ஒரு தாய் பிள்ளைகள். மாவில் தோய்த்துப் பொரித்த கோழித் துண்டுகளை இனிப்புப் பாகில் புரட்டுவது. ஒன்றில் காய்ந்த மிளகாய், ஒன்றில் ஆரஞ்சுத் தோல், ஒன்றில் எள். ஒரே மேசைக்கு மூன்றையும் வரவழைத்துவிட்டு ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே’ என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயருக்குப் பக்கத்தில் மிளகாய்ப் படம் போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள். அது ஓஹையோக்காரருக்கான எச்சரிக்கை. உங்களுக்குக் காரம் வேண்டுமென்றால் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள், கூடவே ஒரு சின்னக் கிண்ணத்தில் மிளகாய் எண்ணெய் கேளுங்கள். சிரித்துக்கொண்டே கொண்டுவந்து வைப்பார்கள்.

ஆர்டர் செய்த ஆறேழு நிமிடத்தில் தட்டு மேசைக்கு வந்துவிடும். பழையதைச் சூடாக்கித் தருகிறார்களோ என்று சிலருக்குச் சந்தேகம் வரும். அப்படி இல்லை. காய்கறிகள் காலையிலேயே நறுக்கி, சில சமயம் அரைவேக்காடாக வைத்திருப்பார்கள். இறைச்சியை மெல்லிசாக அரிந்து, சோளமாவும் முட்டையின் வெள்ளைக்கருவும் பிசறி ஊறப்போட்டிருப்பார்கள். அந்தக் கோழியும் மாடும் வழுவழுப்பாக, பல்லுக்கு மெத்தென்று இருப்பதன் காரணம் இந்தப் பூச்சுதான். மீதி வேலையைத் தீ பார்த்துக்கொள்ளும். நம் வீட்டு அடுப்பைப் போலப் பத்து மடங்கு சூடு தரும் அடுப்பில் வோக் என்கிற சீன இரும்புச்சட்டி உட்கார்ந்திருக்கும். எண்ணெய் புகையும் அந்தச் சூட்டில் இரண்டு நிமிடம் புரட்டினால் வரும் லேசான கருகல் வாசனையைக் கான்டனியர்கள், அதாவது தென்சீனாவின் குவாங்டாங் பக்கத்தார், ‘வோக் ஹே’ என்கிறார்கள், சட்டியின் மூச்சு. வீட்டில் எத்தனை முறை முயன்றாலும் ஃப்ரைட் ரைஸ் கடை மாதிரி வராததற்குப் பாதிக் காரணம் நம் அடுப்பு. இன்னொரு பாதி, அவர்கள் முதல் நாள் சோற்றை எடுப்பது.

சரி, எவ்வளவு வாங்குவது? மதியம் போனால் லஞ்ச் ஸ்பெஷல் இருக்கும், பெரும்பாலும் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை. ஒரு கறி, ஃப்ரைட் ரைஸ் அல்லது வெள்ளைச் சோறு, ஒரு எக் ரோல் அல்லது சூப் எல்லாம் சேர்ந்து ஒரே விலை. முதல்முறை போகிறவர்களுக்கு நல்ல வழி. மாலையில் குடும்பமாகப் போனால் ஆளுக்கொரு தட்டு வாங்காதீர்கள். ஐந்து பேருக்கு மூன்று கறியும் ஒரு நூடுல்ஸும் போதும், மிஞ்சக்கூட மிஞ்சும். பார்சல் மெனுவில் பைன்ட், குவார்ட் என்று இரண்டு அளவு போட்டிருப்பார்கள். பைன்ட் ஏறக்குறைய அரை லிட்டர், குவார்ட் அதைப்போல் இரு மடங்கு. கறி வாங்கினால் பெரும்பாலும் வெள்ளைச் சோறு கூடவே வரும். அது தெரியாமல் தனியாகச் சோறு வாங்கி வீடு முழுக்கச் சோற்றுடன் நின்ற அனுபவம் இங்கே வந்த எல்லாருக்கும் ஒருமுறையாவது இருக்கும்.

நூடுல்ஸில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘லோ மெய்ன்’ என்று கேட்டால் நீங்கள் நினைக்கும் மெத்தென்ற, சோயாவில் புரட்டிய நூடுல்ஸ் வரும். ‘சௌ மெய்ன்’ என்று கேட்டால் ஊரைப் பொறுத்தது. கிழக்குப் பக்கம் பல கடைகளில் செலரியும் கோஸும் போட்ட குழகுழப்பான காய்கறிக் கறியும், மேலே தூவிக்கொள்ள மொறுமொறு நூடுல்ஸும் தருவார்கள். மேற்குக் கரையில் அதே பெயருக்கு வதக்கிய நூடுல்ஸ் வரும். சந்தேகமென்றால் லோ மெய்ன் கேளுங்கள்.

இப்போது அம்மாவுக்கு. இதில் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும், ஏனென்றால் நான் சூடுபட்டிருக்கிறேன். ஒரு கடையில் என் மாமியாருக்கு ‘வெஜிடபிள் சூப்’ என்று எழுதியிருந்ததை நம்பி ஒரு கிண்ணம் வாங்கிக் கொடுத்தேன். நன்றாக இருக்கிறதே என்று பாதி குடித்தபின், எதில் செய்தது என்று கடைக்காரப் பெண்ணிடம் சும்மா கேட்டார். ‘கோழிச் சாறுதான், எல்லா சூப்பும் அதுதான்’ என்று அவள் இயல்பாகச் சொன்னாள். அவள் மேல் தப்பில்லை. கிண்ணத்தில் இருந்தது காய்கறிதானே. கேட்காமல் வாங்கியது நான். அதன்பிறகு ஒரு வாரம் வீட்டில் என்னிடம் யாரும் காபி வேண்டுமா என்று கேட்கவில்லை.

இங்கே ‘வெஜிடேரியன்’ என்ற சொல்லுக்குப் பல கடைகளில் ‘தட்டில் இறைச்சித் துண்டு கண்ணில் படாது’ என்பதுதான் பொருள். எனவே வேண்டாததைப் பெயர் சொல்லி வரிசையாகச் சொல்லுங்கள்: இறைச்சி வேண்டாம், கோழிச் சாறு வேண்டாம், ஆய்ஸ்டர் சாஸ் வேண்டாம், ஃபிஷ் சாஸ் வேண்டாம், முட்டை வேண்டாம். ஹாட் அண்ட் சோர் சூப்பில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இழைகளும் முட்டையும் இருக்கும். எக் டிராப் சூப்பின் பெயரிலேயே முட்டை இருக்கிறது. எக் ரோலின் உள்ளே கோஸுடன் பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம், மேல்தோலிலும் முட்டை கலந்திருக்கலாம். மெல்லிய தோலில் சுற்றிய காய்கறி ஸ்ப்ரிங் ரோல் அதைவிடப் பரவாயில்லை, ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். மா போ டோஃபு என்ற பெயரில் டோஃபு இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், அதில் கொத்திறைச்சி போடுவது மரபு. லோ மெய்ன் நூடுல்ஸ் முட்டை கலந்த மாவாக இருக்கலாம். அரிசியில் செய்த மெல்லிய நூடுல்ஸ் இருந்தால் அதைக் கேளுங்கள்.

பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. பல மெனுக்களின் கடைசியில் ‘டயட்’ என்று ஒரு சிறு பகுதி இருக்கும். காய்கறியும் டோஃபுவும் வெறுமனே ஆவியில் வெந்து வரும், சாஸ் தனிக் கிண்ணத்தில். அந்த சாஸை ஒதுக்கிவிட்டுச் சோயாவும் மிளகாய் எண்ணெயும் ஊற்றிக்கொண்டால் அம்மாவுக்குப் பிரச்சினை இல்லை. அதைவிட ருசியாக வேண்டுமென்றால், கீரையோ பாக் சோய் என்ற சீனக் கோஸோ பூண்டும் எண்ணெயும் மட்டும் போட்டு வதக்கித் தரச் சொல்லுங்கள். மெனுவில் இல்லாவிட்டாலும் கேளுங்கள். அந்தக் குடும்பம் தினமும் சாப்பிடுவது அதுதான்.

‘புத்தாஸ் டிலைட்’ என்று ஒன்று இருக்கும். கான்டனியில் ‘லோ ஹான் ஜாய்’, பௌத்தத் துறவிகளின் சைவ உணவு, சீனப் புத்தாண்டு அன்று வீடுகளிலும் சமைப்பார்கள். அசல் முறைப்படி அதில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். நம் வீடுகளில் விரத நாளில் ஒதுக்குவது போலவேதான். அதனால் கடையில் இருக்கும் பெரியவரிடம் ‘பௌத்தர்கள் சாப்பிடும் சைவம்’ என்று சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார். கைப்பேசியில் சீன மொழியில் மாற்றிக் காட்டினால் இன்னும் நல்லது. ஆனால் கடையில் செய்யும் புத்தாஸ் டிலைட்டில் ஆய்ஸ்டர் சாஸ் விழுவது சாதாரணம், அதையும் மறக்காமல் சொல்லுங்கள். ஒரே சட்டியில்தான் எல்லாம் சமைப்பார்கள், நடுவில் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுவார்கள். அதுவே ஆகாது என்றால் அம்மாவை அங்கே அழைத்துப் போகாமல் இருப்பதுதான் இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி.

அசலா என்று கேட்டீர்கள். நம் கோபி மஞ்சூரியன் எவ்வளவு அசலோ அவ்வளவு அசல். சீனாவில் தேடினால் கிடைக்காது. அதற்காகப் போலி என்று சொல்லிவிட முடியாது. அது எப்படி உண்டானது என்று தெரிந்தால் உங்கள் தெருவில் அந்தக் கடை ஏன் இருக்கிறது என்பதும் புரியும்.

கலிஃபோர்னியாவில் தங்கம் தேடி வந்த காலத்தில் குவாங்டாங் மாகாணத்து மக்கள், அதிலும் தைஷான் பகுதிக்காரர்கள், ஏராளமாக வந்தார்கள். சுரங்கம், ரயில்பாதை எல்லாம் முடிந்ததும் வெறுப்பு கிளம்பியது. 1882இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே கூடாது என்று சட்டம் போட்டார்கள். வணிகர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1915இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு உணவக முதலாளியையும் வணிகர் கணக்கில் சேர்த்தது. கதவில் ஒரு சந்து கிடைத்தது. உறவினர்களும் ஊர்க்காரர்களும் பணம் சேர்த்துக் கூட்டாகக் கடை திறந்தார்கள், முறைவைத்து நடத்தினார்கள், அந்தத் தகுதியைக் காட்டி ஊருக்குப் போய் வந்தார்கள், சொந்தங்களை அழைத்தார்கள். சமையல் தெரிந்ததால் கடை திறந்தவர்களைவிட, உள்ளே வர வேறு வழியில்லாமல் கடை திறந்துவிட்டு அப்புறம் கரண்டி பிடிக்கக் கற்றவர்கள் நிறையப் பேர். வாடிக்கையாளர் என்ன தின்பாரோ அதைச் சமைத்தார்கள். அப்படிப் பரவியதுதான் சாப் சூயி. ‘பலதும் கலந்த துண்டு துணுக்கு’ என்றுதான் அதற்குப் பொருள். சீனாவின் ப்ராக்கலியான கை லான் இங்கே கிடைக்கவில்லை, இத்தாலியர்கள் கொண்டுவந்த ப்ராக்கலி கிடைத்தது, அதைப் போட்டார்கள்.

அந்தச் சட்டம் 1943இல் நீங்கியது. ஆனால் வருடத்துக்கு 105 பேர் என்று ஓர் ஒதுக்கீடு, அதைச் சட்டம் நீங்கியது என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. 1965இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகுதான் தைவானிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் கைதேர்ந்த சமையல்காரர்கள் வந்தார்கள். ஜெனரல் சோ கோழி அப்படி வந்தது. ஹூனான் மாகாணத்தில் பிறந்த பெங் சாங்-குவே 1949இல் தைவானுக்குத் தப்பிப் போனவர். 1950களில் அங்கே அவர் அதைப் படைத்தபோது அதில் இனிப்பே இல்லை. நியூயார்க் வந்த பிறகுதான், 1970களில், சர்க்கரையும் மொறுமொறுப்பும் ஏறின. பெயருக்குரிய சிங் வம்சத்துத் தளபதி 1885இலேயே இறந்துவிட்டார், பாவம், ஒரு துண்டுகூடச் சாப்பிட்டிருக்க வழியில்லை. 1980களிலிருந்து ஃபூஜியன் மாகாணத்தின் ஃபூஜோ பகுதியிலிருந்து இன்னொரு அலை வந்தது. இன்று சின்ன ஊர்களில் கடை நடத்தும் குடும்பங்களில் பல அவர்களுடையவை. யோசித்துப் பாருங்கள்: ஃபூஜோ மொழி பேசும் குடும்பம், கான்டனியர் வகுத்த மெனு, ஹூனான்காரர் பெயர் வைத்த கோழி, ஓஹையோ நாக்கு. இதில் அசலை எங்கே போய்த் தேடுவது?

மொன்டானா மாநிலத்தில் பியூட் என்று ஒரு பழைய செம்புச் சுரங்க ஊர் இருக்கிறது. 1890களில் அங்கே தொழிற்சங்கங்கள் சீனர் கடைகளைப் புறக்கணித்தன. சீன வணிகர்கள் வழக்குப் போட்டு வென்றார்கள். அந்த ஊரில் 1911இல் திறந்த பெக்கின் நூடுல் பார்லர் இன்றும் அதே குடும்பத்தின் கையில். மாடிப்படி ஏறிப் போனால் ஆரஞ்சு நிறத் தடுப்புகளும் திரைச்சீலைகளும் போட்ட சின்னச் சின்ன அறைகள். தொடர்ந்து நடக்கும் குடும்பச் சீன உணவகங்களில் இந்நாட்டிலேயே மூத்தது என்று சொல்லப்படுவது. 2023இல் அமெரிக்க உணவகங்களுக்கு விருது தரும் ஜேம்ஸ் பியர்ட் அமைப்பின் ‘அமெரிக்காஸ் கிளாசிக்ஸ்’ விருது அதற்குக் கிடைத்தது. அங்கே போய் நூடுல்ஸும் சாப் சூயியும்தான் சாப்பிட வேண்டும்.

இப்படி ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று பிறந்திருக்கிறது. மிசௌரியின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் முந்திரிக் கோழி என்றால் பொரித்த கோழியின் மேல் ஆய்ஸ்டர் சாஸ் கிரேவி. செயின்ட் லூயிஸில் முட்டை ஃபூ யங் அடையை வெள்ளை ரொட்டியில் வைத்து சாண்ட்விச். உங்கள் ஓஹையோவுக்கும் பக்கத்து மிச்சிகனுக்கும் ‘வார் சூ கை’: எலும்பில்லாத கோழியை மாவில் தோய்த்துப் பொரித்து, பட்டையாக அரிந்து, லெட்டூஸ் இலைமேல் பரப்பி, கிரேவி ஊற்றி, பாதாம் தூள் தூவித் தருவார்கள். உங்கள் கடையில் அது இருந்தால் ஜெனரல் சோவை விட்டுவிட்டு அதைக் கேளுங்கள். வேறு மாநிலத்தில் அவ்வளவு எளிதாகக் கிடைக்காது. க்ராப் ரங்கூன் என்று ஒன்றும் இருக்கும், நண்டும் க்ரீம் சீஸும் வைத்துப் பொரித்தது. அது கலிஃபோர்னியாவின் ட்ரேடர் விக்ஸ் உணவகம் பரப்பியது. ரங்கூனில் பிழைத்துத் திரும்பிய நம் தாத்தாக்கள் யாரும் அங்கே க்ரீம் சீஸைப் பார்த்ததாகச் சொல்லக் கேட்டதில்லை.

அஜினோமோட்டோ போடுவார்களே என்று அம்மா கேட்பார். 1908இல் இகேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசியிலிருந்து பிரித்தறிந்த சுவை அது. தக்காளியிலும் காளானிலும் இயற்கையாகவே இருக்கிறது. 1968இல் ஒரு மருத்துவர் அமெரிக்க மருத்துவ இதழுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், சீன உணவகத்தில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போகிறது, காரணம் என்னவாக இருக்கும் என்று கேட்டிருந்தார். சோயா, சமையல் மது, உப்பு, அஜினோமோட்டோ என்று அவரே பல சந்தேகங்களை அடுக்கியிருந்தார். ஊர் அதில் அஜினோமோட்டோவை மட்டும் பிடித்துக்கொண்டது. பிறகு நடந்த சோதனைகளில் உறுதியாக எதுவும் தேறவில்லை. ஒரு சிலருக்கு அதிக அளவில் எடுத்தால் சற்று நேரம் தலைவலி வரலாம். அதைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது சோயாவின் உப்பு. அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு இருந்தால் சாஸைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள்.

கடைக்குள் ஓரத்து மேசையில் ஒரு பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தால் அது முதலாளி வீட்டுப் பிள்ளை. தொலைபேசி அடித்தால் பென்சிலை வைத்துவிட்டு அதுதான் ஆர்டர் எடுக்கும். பெற்றோரைவிட அதன் ஆங்கிலம் தெளிவு என்பதால் அம்மாவின் சைவக் கணக்கை அதனிடம் சொல்லலாம். உள்ளே கான்டனியிலோ ஃபூஜோவிலோ கத்திச் சொல்லிவிடும். மூன்று மணிவாக்கில் கூட்டம் குறைந்ததும் குடும்பமே ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடும். ஆவியில் வெந்த மீன், கீரை, வெள்ளைச் சோறு. அந்த நேரத்தில் போய் ‘இது கிடைக்குமா’ என்று கேட்டு நல்ல சாப்பாடு சாப்பிட்டிருக்கிறேன். முதல் நாளே கேட்க வேண்டாம், நாலைந்து தடவை முகம் பழகட்டும்.

தேநீர் கேட்டால் பானையோடு வரும். தீர்ந்ததும் மூடியைத் திறந்து வைத்தால் நிரப்பித் தருவார்கள். உட்கார்ந்து சாப்பிட்டால் டிப்ஸ் பதினெட்டு, இருபது சதவீதம் வையுங்கள். பரிமாறுகிறவருக்கு நாடு தழுவிய சட்டப்படி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால்கூடப் போதும், பல மாநிலங்களில் அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், மீதி டிப்ஸில்தான். பார்சலென்றால் செயலி வழியாக வாங்காமல் நேரே கடைக்குப் போன் செய்யுங்கள். செயலிகள் கடையிடமிருந்து முப்பது சதவீதம் வரைகூட எடுத்துக்கொள்கின்றன.

பில்லோடு ஆளுக்கொரு ஃபார்ச்சூன் குக்கீ வரும். அதற்கும் சீனாவுக்கும் சம்பந்தமில்லை, ஜப்பானியர் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப்போரின்போது அவர்களை முகாம்களில் அடைத்தபோது தொழில் சீனர் கைக்கு வந்தது. உள்ளே இருக்கும் காகிதத்தில் எண்கள் அச்சடித்திருக்கும். 2005 மார்ச்சில் ஒரு லாட்டரியில் ஒரே குலுக்கலில் 110 பேர் இரண்டாம் பரிசு வாங்கியதைப் பார்த்து அதிகாரிகள் மோசடி என்று மிரண்டுபோனார்கள். விசாரித்தால் பெரும்பாலோர் குக்கீயில் வந்த எண்களைப் போட்டவர்கள். அம்மா அந்தக் காகிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டால் தடுக்காதீர்கள்.

மிஞ்சியதை வெள்ளை அட்டைப் பெட்டியில் கட்டித் தருவார்கள். 1894இல் சிகாகோவில் காப்புரிமை பெற்ற வடிவம், அந்தக் காலத்தில் சிப்பி விற்க வைத்திருந்தது. அதன் மடிப்புகளைப் பிரித்தால் தட்டாக விரியும். சோற்றை வெளியே வைக்காமல் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் மைக்ரோவேவில் வைக்கும் முன் கைப்பிடிக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். நான் ஒருமுறை மறந்து, பொறி பறந்து, நல்ல எள்ளுக் கோழியைக் குப்பையில் கொட்டியிருக்கிறேன்.